காலைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள்

ஐப்பசி மழை என்றால் என்ன என்று கோத்தகிரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர், நடுவட்டம் பக்கமெல்லாம் ஆடியிலேயே நனைந்து முடித்துவிடும், எங்களுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். அப்படியொரு மழை வாரத்தில் அரவேனுவுக்குக் கீழே எங்கள் ஒன்றரை ஏக்கரிலிருந்து கொழுந்து மூட்டையை ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது இடது கணுக்காலுக்கு மேலே ஒரு அட்டை கடித்தது. இங்கே அட்டைக்கடியை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்புறம் நமைத்தது. தேயிலைக் கறை படிந்த நகத்தால் நான்கு நாள் விடாமல் சொறிந்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து முழங்கால் வரைக்கும் பற்றுப் போட்டுவிட்டார். மறுநாள் காலை மருந்துக்கடையில் போய் "கால் வீங்கியிருக்கு, வலி தாங்கலை" என்றேன். நான்கு மாத்திரை கத்தரித்துக் கொடுத்தார்கள். வலி உடனே விட்டது, காய்ச்சலும் இல்லை, நான் மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டேன். அதில் ஒன்று வலி மாத்திரை, ஒன்று ஸ்டீராய்டு என்பது ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை அட்டையைக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு முழு நாள் அப்படிப் போனது. தோலுக்குள் பரவுகிற இந்தத் தொற்றில் ஒரு நாள் என்பது பெரிய கணக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து லைனில் இருக்கும் நர்ஸக்கா எதற்கோ வீட்டுக்கு வந்தவர் காலைப் பார்த்துவிட்டு முதலில் பற்றைக் கழுவச் சொன்னார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பாகிவிடும் இல்லையா, அதற்குக் கீழே தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. கழுவித் துடைத்ததும், மூட்டைக்கு நம்பர் போடுகிற மார்க்கரை எடுத்து வரச் சொல்லி, சிவப்பு முடிகிற ஓரத்திலேயே காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் மணியும் எழுதினார், 6.30. "தம்பி, காலையில இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தா காபி குடிக்கக்கூட நிக்காதீங்க" என்றார்.

காலையில் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. இடுப்பும் தொடையும் சேர்கிற இடத்தில் நெறி கட்டியிருந்தது.

அது செல்லுலைட்டிஸ். தோலுக்கும் அதற்குக் கீழே உள்ள கொழுப்புக்கும் பரவுகிற பாக்டீரியாத் தொற்று. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில நேரம் ஸ்டெஃபிலோகாக்கஸ். இரண்டுமே எங்கிருந்தோ பறந்து வருகிறவை இல்லை, நம் தோலிலும் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கிறவைதான். தோலில் ஒரு கீறல், ஒரு வெடிப்பு, சொறிந்த புண் என்று ஏதாவது ஒரு வாசல் கிடைத்தால் உள்ளே போய்விடும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, தனித் தட்டு தனிப் பாய் எல்லாம் தேவையில்லை. (குழந்தைகளுக்கு மூக்கு, வாய் ஓரத்தில் தேன் காய்ந்தது மாதிரி பொருக்குக் கட்டுமே, அது வேறு. அது ஒட்டும். அதற்குத் துண்டையும் தலையணை உறையையும் தனியாக வையுங்கள்.)

இப்போது உங்கள் காலையோ கையையோ எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். புத்தகத்தில் 'சிவப்பு' என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்கு அது எப்போதும் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, அல்லது வெறும் பளபளப்பாக, தோல் இழுத்துக் கட்டினது மாதிரித்தான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை ஒரு காலில் வையுங்கள், அப்புறம் அடுத்த காலில் அதே இடத்தில் வையுங்கள். ஒன்று சுடும், ஒன்று சுடாது. சூடு, வீக்கம், தொட்டால் வலி, நாளுக்கு நாள் அகலமாவது, இந்த நான்கும் ஒரே காலில் இருந்தால் அநேகமாக இதுதான். இரண்டு காலும் ஒரே மாதிரி சிவந்து வீங்கியிருந்தால் வேறு காரணம் இருக்கும், கால் நரம்புச் சுருட்டல், இதயம், சிறுநீரகம் என்று எதுவாகவும் இருக்கலாம், அதற்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும், ஆனால் அதற்கு மருந்து வேறு. தோலில் கீறலே இல்லாமல் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகி வலித்தால், அதுவும் நீண்ட நாள் படுத்திருந்தவர்களுக்கோ ஆபரேஷன் ஆனவர்களுக்கோ வந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

கட்டி வேறு கதை. ஒரே இடத்தில் உருண்டு, நடுவில் மெத்தென்று, சீழ் வைத்திருக்கும். சின்னக் கட்டியாக இருந்தால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைத்தால் தானாக உடைந்து வடிந்துவிடும். பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும். அதுவும் மூக்கைச் சுற்றி, மேலுதட்டில் வருகிற கட்டியில் கையே வைக்கக் கூடாது, அந்த இடத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் மூளைப் பக்கம் போகின்றன. பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலும் பிரயோஜனமில்லை, சீழ் நிற்கிற இடத்துக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. கீறி வடித்துவிட வேண்டும், பத்து நிமிஷ வேலை. முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்துக்கொண்டு வருமே ராஜபிளவை, அது வந்தால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு திரிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுந்து கிள்ளுகிற விரல், அதனால் நம் ஊரில் இது அதிகம். ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை வைத்தாலே பாதி அடங்கும். எலுமிச்சம்பழம் ரசத்துக்கு இருக்கட்டும். ஆனால் விரல் முழுக்க வீங்கி, மடக்கி வைத்தது நீட்ட வரவில்லை என்றால் தசைநார் உறைக்குள் தொற்று போயிருக்கிறது, ஒரு ராத்திரிகூடக் காத்திருக்காதீர்கள், அப்புறம் அந்த விரல் மடங்காமலே போய்விடலாம்.

அக்கி இன்னொன்று. உடம்பின் ஒரே பக்கம், பட்டை மாதிரி, எரிச்சலோடு கொப்புளம் கொப்புளமாக வரும். அது வைரஸ், சின்ன வயதில் வந்த சின்னம்மை விட்டுப்போனது. காவி பூசி எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், அதற்கு மருந்து இருக்கிறது, முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே.

அப்புறம் வலிக்கவே வலிக்காத ஒரு புண், தோட்டக்காடு இருக்கிற ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடாவோ பெல்ட்டோ கட்டுகிற இடம், மார்புக்குக் கீழ், இங்கெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும், சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம். கூடவே விடாத காய்ச்சலும் தலைவலியும். இது ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. மழை ஓய்ந்து குளிர் பிடிக்கிற மாதங்களில் அதிகம். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல் கிட்னி வரை போகும். காய்ச்சலுக்குப் போகிறபோது "உடம்புல எங்கயாவது கறுப்புப் பொருக்கு இருக்கா"ன்னு டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். வெட்கப்படுகிற இடத்தில்தான் அது இருக்கும்.

சரி, செல்லுலைட்டிஸுக்கு வருவோம். வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கோடு போடுங்கள். பால்பேனா வேண்டாம், வியர்வையில் அழிந்துவிடும், மார்க்கர்தான் நிற்கும். ஃபோனில் ஒரு படமும் எடுத்து வைத்தால் டாக்டருக்கு உதவும். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்துப் படுங்கள். ஒரு தலையணை போதாது, நாங்கள் காலி கொழுந்துச் சாக்குகளை மடித்து அடுக்கித்தான் வைத்தோம். வீக்கம் வடிவதற்கு மருந்துக்குச் சமமாக இது உதவும், ஆனால் நம் ஆட்களால் செய்யவே முடியாத காரியமும் இதுதான். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும், பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. ஈரல் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிக்கிறவர்களும் கேட்டுவிட்டுப் போடுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள், எனக்கு நடந்தது மாதிரி வலி அடங்கும், நோய் அடங்காது. 'எல்லாத்துக்கும் கேக்கும்' என்று கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் தொடாதீர்கள். மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக், பக்கத்து வீட்டு ஆன்டிபயாட்டிக், இரண்டும் வேண்டாம்.

குளிருக்குக் கணப்பில் காலைக் காட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுகிறதே தெரியாது. வெந்நீர்ப் பையும் அப்படித்தான். வீங்கிய காலைக் கணப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம்.

எப்போது போவது? கோடு தாண்டினால் போங்கள் என்பது என்னை மாதிரி ஏற்கெனவே தாமதித்தவனுக்கு. உண்மையில் கோட்டைத் தாண்டக் காத்திருக்கவே வேண்டாத ஆட்கள் இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், டயாலிசிஸிலோ புற்றுநோய் மருந்திலோ ஸ்டீராய்டிலோ இருக்கிறவர்கள், யானைக்கால் மாதிரி ஏற்கெனவே கால் வீங்கியிருக்கிறவர்கள், இவர்கள் சூடும் சிவப்பும் தெரிந்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். முகத்தில், கையில், ஏதாவது மூட்டின் மேலேயே வந்தால் யாராக இருந்தாலும் அன்றே. காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் அன்றே. தோலில் சிவப்புக் கோடு இழுத்தது மாதிரி மேலே ஓடினால் அன்றே. நாயோ குரங்கோ கடித்த புண் என்றால் சிவப்பு வரும்வரை இருப்பதே தப்பு, பதினைந்து நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேரே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். குன்னூரில் குரங்குக்குப் பிஸ்கெட் நீட்டிக் கடி வாங்குகிறவர்கள் குரங்குக்கு வெறி பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிமேல் சொல்வது வந்தால் 108. பார்க்கச் சின்னதாக இருக்கிறது, வலி மட்டும் கத்த வைக்கிற அளவு, இரண்டும் பொருந்தவே இல்லை என்றால். தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் கலந்த நீர்க்கொப்புளம் வந்தால், அழுத்தினால் உள்ளே நொறநொறவென்று ஏதோ உடைவது போலிருந்தால், இவ்வளவு நேரம் வலித்த இடம் திடீரென்று மரத்துப்போனால். அது தசை உறை வரைக்கும் அரித்துக்கொண்டு போகிற தொற்று, மணிக்கணக்கில் பரவும், ஆபரேஷன் தியேட்டர்தான் வழி. அதே மாதிரி குளிர் தூக்கிப்போட்டு, மூச்சு வாங்கி, பேச்சு குழறி, சிறுநீர் குறைந்தால் தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. கண்ணைச் சுற்றி வீங்கி, கண் பிதுங்கினாலோ பார்வை மங்கினாலோ அதற்கும் இதே அவசரம்தான்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கீழே ஊர்களில் ராத்திரி பத்து மணிக்கு மோசமானால் ஆட்டோ பிடித்துப் போகலாம். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும், ஐப்பசி கார்த்திகையில் குஞ்சப்பனைப் பக்கமோ பர்லியார் பக்கமோ எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது, எங்கள் பக்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது மழையைப் பொறுத்தது. அதனால் என் வீட்டில் இப்போது ஒரே வழக்கம்தான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலைப் பார்ப்பது. அப்போது சந்தேகமாக இருந்தால் கிளம்பிவிடுவோம், 'ராத்திரி பார்த்துட்டுக் காலையில போலாம்' என்பது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம், கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரி, குன்னூர் லாலி ஆஸ்பத்திரி, எது பக்கமோ அங்கே. பெரிதாக இருந்தால் அவர்களே ஊட்டிக்கு அனுப்புவார்கள். 2022-லிருந்து அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்னே மாதிரி எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை.

போகும்போது சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், காலியானதையும். பென்சிலின் ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சீட்டுப் போடுகிற இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டது என்று யோசித்து வையுங்கள். எனக்கு விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள், 240. ஸ்டீராய்டு மாத்திரையால் ஏறியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. 43 வயதில் எனக்குச் சர்க்கரை இருப்பதே ஒரு அட்டையால்தான் தெரிந்தது. வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது, அவர்கள் வந்தபோதெல்லாம் நான் தோட்டத்தில் இருந்தேன், அல்லது இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

நான்கு நாள் நரம்பில் ஊசி, அப்புறம் வீட்டில் மாத்திரை. லேசாக இருந்தால் ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரையிலேயே சரியாகிவிடும். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மருந்து ஆரம்பித்த முதல் நாள் சிவப்பு கொஞ்சம் கூடுவது போலத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து வேறு டாக்டரிடம் ஓட வேண்டாம். ஆனால் இரண்டு நாள் முழுசாக மருந்து போன பிறகும் காய்ச்சல் விடவில்லை, கோடு இன்னும் தாண்டுகிறது என்றால் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். மருந்து மாற்ற வேண்டியிருக்கலாம், உள்ளே சீழ் சேர்ந்திருக்கலாம். வலி போனதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீக்கம் வடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், தோல் உரியும், கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும், அதெல்லாம் தொற்று இல்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த இளம் டாக்டர் அட்டைக்கடியைப் பார்க்கவே இல்லை. என் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் விரித்துப் பிடித்துக் காட்டினார். வெள்ளையாக, ஊறிப்போய், நடுவில் வெடித்து. "அட்டை மேல பழி போடாதீங்கண்ணா, வாசல் இங்கயும் திறந்துதான் இருக்கு" என்றார். சேற்றுப்புண். நான்கு மாதம் ஈர பூட்ஸுக்குள் இருந்த கால். காலில் செல்லுலைட்டிஸ் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த விரலிடுக்குதான் வழி, அதைச் சரி செய்யாவிட்டால் அதே காலில் மறுபடி வரும், ஒவ்வொரு தடவை வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் கெட்டு வீக்கம் நிரந்தரமாகிவிடும். அதற்குப் பூஞ்சைக் களிம்பு எழுதிக் கொடுத்தார், புண் ஆறின மாதிரி தெரிந்த பிறகும் விடாமல் பூசச் சொன்னார்.

இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ், ஒன்று காய்கிறபோது இன்னொன்று. வேலை முடிந்து வந்ததும் கால் கழுவி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துண்டால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைக்கிறேன். மார்கழியில் உறைபனி விழுகிறபோது குதிகால் வெடிக்கும், அந்த வெடிப்புக்கு ராத்திரி தேங்காயெண்ணெயோ வாசலினோ தேய்த்துக் காலுறை போட்டுவிடுகிறேன். அட்டைக்கு உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி எதையும் போடுவதில்லை. அது வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிட்டுத்தான் விழும். சின்ன முனையில்தான் வாய் இருக்கும், அங்கே நகத்தைச் சாய்த்து நெம்பினால் தானே விட்டுவிடும். ரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுவி, ஒரு சுத்தமான துணியைக் கட்டிவிட்டால் போதும். நமைத்தால் துணிக்கு மேலேயே தட்டிக்கொள்கிறேன், நகத்தை வாரம் ஒரு தடவை அம்மாவே வெட்டிவிடுகிறார். மார்க்கரில் ஒன்று கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னொன்று வீட்டில் தெர்மாமீட்டர் டப்பாவுக்குள் இருக்கிறது.